பெனடிக்ட் சேரை யார் அடித்தது?

போன வாரம் மாத்தளை மார்க்கட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பாரையை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"டீச்சர்… சேருக்கு இப்ப எப்படிங்க? பிறகு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?"

"இல்லீங்க. நல்லா இருக்காரு."

"நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம் டீச்சர். கவனமா இருக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னொரு துண்டு மீனைப் பையில் போட்டார்.

நாலு மாதமாக இதே கதைதான். என் வீட்டுக்காரர் பெனடிக்ட் சேரை யாரோ கொண்டுபோய் அடித்துவிட்டார்கள் என்று ஊர் நம்புகிறது. இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. சொல்லச் சொல்ல நம்பிக்கை கூடுகிறது. உண்மையாகவே அடி வாங்கியவர்களும் அப்படித்தானே சொல்வார்கள்? விழுந்துவிட்டேன்… கதவு பட்டுவிட்டது… ஒன்றும் இல்லை…

அதனால் எழுதியே விடுகிறேன். அச்சில் வந்தாலாவது நம்புவீர்கள் அல்லவா?

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். கணக்கு வாத்தியார். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் தேடச் சொல்பவர். ஆனால் இவருடைய முகத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இளவயதுப் பரு. வந்தது, போனது, குழிகளை மட்டும் விட்டுவிட்டுப் போனது. இரண்டு கன்னத்திலும் காது வரைக்கும். ஆரஞ்சுத் தோல் மாதிரி இருப்பதால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'தோடம்பழம்'. அது இவருக்கும் தெரியும். "பலாப்பழம்னு வைக்காம விட்டானுங்களே, அதுவே பெரிய மரியாதை" என்பார்.

பெண் பார்க்க வந்த அன்று நான் அந்தக் குழிகளைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். ஆனால் அதைவிட நன்றாகப் பார்த்தது வேறொன்றை. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார், அது உடைந்து உள்ளே விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து விரலை விட்டு எடுத்துச் சாப்பிட்டார். சரி, இவரோடு காலம் தள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

காலையில் இவர் ஷேவ் எடுத்து முடிக்க அரை மணித்தியாலம் ஆகும். அப்படியும் காதுக்குப் பக்கத்துக் குழிகளில் சோப்பு நுரை தங்கிவிடும். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து அனுப்புவது பதினெட்டு வருடமாக என் வேலை. எனக்கு அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை சொன்னது எங்கள் மகள்.

நிரோஷாவுக்குப் பதினாறு. போன வருடத்திலிருந்து முகமெல்லாம் பரு. அவள் பூசாத பொருள் கிடையாது. வேப்பிலை, தேசிக்காய், சந்தனம், பற்பசை… ஒரு தடவை என்னுடைய ரசத்துக்கு வைத்திருந்த மிளகையும் அரைத்துவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கிள்ளுவாள். கிள்ளிய இடம் புண்ணாகும். புண் ஆறினால் அங்கே ஒரு சின்னப் பள்ளம்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்கான படிவம் கொடுத்தார்கள். ஓ.எல். பரீட்சை எழுத அட்டை வேண்டும். அட்டைக்குப் போட்டோ வேண்டும். கொடுக்கக் கடைசி நாள், மூன்று வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமை.

மாட்டேன் என்றுவிட்டாள்.

"இந்த மூஞ்சியோட ஆயுசு முழுக்க ஒரு கார்டுல இருக்க முடியாது. பரு போகட்டும், எடுக்கிறேன்."

பரு எப்போது போவது, பரீட்சை எப்போது எழுதுவது? பரீட்சையை விடுங்கள். அடுத்த வருடம்கூட எழுதலாம். இந்தக் காலத்தில், தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் ஒரு பெண்பிள்ளை, கையில் இந்த ஐசி அட்டை இல்லாமல் அக்குறணையைத் தாண்டிக் கண்டிக்குப் போவது எப்படி? ஒவ்வொரு செக் பொயின்டிலும் பருவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? எனக்கு வந்த பயம் அதுதான். அவளுக்கு வந்த பயம் வேறு.

நானும் கத்தினேன், அவளும் கத்தினாள். இவர் நடுவில் வந்து சமாதானம் சொன்னார்.

"பருதானேம்மா… எனக்கும் வந்துச்சு. போயிரும்."

"போயிருச்சா? கண்ணாடியப் பாருங்கப்பா. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் எனக்கு உங்க மூஞ்சிதான் வரப்போகுது. அதுதான் எனக்குப் பயம்."

இவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டார். கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். பதினெட்டு வருடத்தில் அந்த முகம் வாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகள் என்றும் பார்க்காமல் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. ஆனால் அவளும் அழுதுகொண்டிருந்தாள். யாரை அடிப்பது?

அந்தச் சனிக்கிழமை இவருக்குக் கண்டியில் ஒரு செமினார் வந்தது. ஒரு வாரம் விட்டு அடுத்த சனிக்கிழமை இன்னொரு செமினார். கல்வி திடீரென்று இப்படி முன்னேறுகிறதே என்று நானும் நினைத்தேன்… பிறகு அதை மறந்துவிட்டேன். ஏனென்றால் நிரோஷா அதற்குள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். எட்டு நாள். வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக் கதவு மூடிக்கொள்ளும். திங்கட்கிழமை கடைசி நாள், கதவுக்கு வெளியே நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் நான்.

இரண்டாவது செமினார் நடந்த சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். பக்கத்து வீட்டுச் சந்திரா அக்கா சமையலறை வழியாக வந்தார். வழக்கமாக முற்றத்திலிருந்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருபவர், அன்று சத்தமில்லாமல் வந்து என் கையைப் பிடித்தார். சிங்களத்தில் அவர் சொன்னது இதுதான்.

"தங்கச்சி, பயப்படாதே. சேரை என் தம்பி மகன் பஸ் ஸ்டாண்டில் கண்டானாம். கண்டி பஸ்ஸில் வந்து இறங்கினாராம். இரண்டு கன்னமும் வீங்கி நீலமாக இருக்கிறதாம். பிளாஸ்டர் வேறு. பேச்சும் சரியாக வரவில்லையாம். என்ன சேர் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு ஹனிபாவின் கடைக்குள் போய்விட்டாராம்."

இவருடைய போனுக்கு அடித்தேன். ஓஃப்.

உங்களுக்கும் அப்படித்தானே தோன்றியிருக்கும்? தமிழ் ஆள். தனியாகக் கண்டிக்குப் போகிறார். கன்னம் நீலமாகித் திரும்பி வருகிறார். போனும் ஓஃப். இதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று நினைக்க யாருக்குப் பழக்கம்?

நான் செருப்பைத் தேடுவதற்குள் அறைக் கதவு திறந்தது. எட்டு நாளாக நான் கெஞ்சித் திறக்காத கதவு. நிரோஷா வீட்டுச் சட்டையோடு, தலைகூட வாராமல், என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். ரோட்டில் ஓடுகிறாள், அழுதுகொண்டே ஓடுகிறாள். கடைக்காரர்கள் பார்க்கிறார்கள், பஸ்ஸில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள், அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகள் ஐஸ்கிறீமும் கையுமாக நின்று பார்க்கிறார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. பின்னால் நானும் ஓடுகிறேன்… என் உடம்புக்கு அதை ஓட்டம் என்று சொல்லலாமோ தெரியவில்லை.

ஊரே 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஹனிபாவின் வாசனைச் சாமான் கடை மெயின் வீதியில் இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் கராம்பும் மிளகும் மூட்டை மூட்டையாக. வாசலில் நானா காவலுக்கு நிற்பவர் போல நின்றார். எங்களைக் கண்டதும் வழி விட்டார்.

"உள்ளுக்கு ஈக்கிறார். நான் ஒண்ணும் கேக்கல டீச்சர். அவரு டொக்டர் ஊசி போட்டார்னு சொல்றார். சரி சேர், டொக்டர்தான், எல்லாத்துக்கும் அப்படியே சொல்லுங்கன்னு சொல்லிட்டேன்."

மிளகு மூட்டை ஒன்றின் மேல் இவர் உட்கார்ந்திருந்தார். ஐஸ் கட்டி சுற்றிய லேஞ்சியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு. சந்திரா அக்கா சொன்னது குறைவு. கத்தரிக்காய் நிறம்.

"யாருப்பா அடிச்சது?" என்றாள் நிரோஷா.

"யாரும் அடிக்கலம்மா…" வாய் மரத்துப்போய் பேச்சு குழறியது. "டாக்டர்கிட்ட போனேன். இந்தக் குழிக்கு."

நானா தலையை ஆட்டினார். பாவம் மனுசன், பிள்ளையிடம்கூட உண்மையைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்கிற மாதிரி. இவர் சட்டைப் பையிலிருந்து மருந்துச் சிட்டையை எடுத்துக் கொடுத்த பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது. நானா அதையும் வாங்கிப் பார்த்தார். "சிட்டையும் எழுதிக் குடுத்துத்தான் அனுப்பி ஈக்கிறானுகள்" என்றார்.

கதை இதுதான். முதல் 'செமினார்', கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்துபோகும் ஒரு தோல் டாக்டரிடம். மகளைப் பற்றிக் கேட்கப் போயிருக்கிறார். இப்போது அவளுக்கு லேசரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், பூசுகிற மருந்தும் விழுங்குகிற குளிசையும் போதும், கிள்ளாமல் இருந்தால் பெரிய தழும்பு வராது என்று டாக்டர் சொன்னார்.

"வந்துட்டா?" என்று இவர் கேட்டாராம்.

"வந்தா அதுக்கும் வழி இருக்கு."

"எனக்குச் செஞ்சு பாக்க முடியுமா?"

இவரை எனக்குத் தெரியும். நிரோஷா கைக்குழந்தையாக இருந்தபோது இருமல் மருந்தைத் தான் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குக் கொடுப்பார். கசப்பா, எரிகிறதா, தூக்கம் வருகிறதா என்று முதலில் இவருக்குத் தெரிய வேண்டும். பதினாறு வருடம் கழித்தும் அதையேதான் செய்திருக்கிறார். இந்தத் தடவை கரண்டிக்குப் பதிலாக ஊசி.

லேசர் என்றால் ஏதோ வெளிச்சம் அடித்து முடித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். டாக்டர் இவருக்கு மெத்தையை வைத்து விளக்கியிருக்கிறார். மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்த இடம் குழியாக இருக்கும் அல்லவா? மேலே எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தக் குழி எழும்பாது. அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நூலை அறுக்க வேண்டும். முகத்திலும் அப்படித்தான். மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியைத் தோலுக்கு அடியில் விட்டு, உள்ளே இழுக்கிற நாரை அறுப்பார்கள். ரொம்ப ஆழமான மூன்று குழிகளை வட்டமாக வெட்டி எடுத்துத் தையல் போட்டாயிற்று. இதெல்லாம் ஆறிய பிறகுதான் மேல் தோலுக்கு லேசர். அதுவும் முழுக்கப் போகாது, பாதிக்கு மேல் குறைந்தால் சந்தோஷப்படுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

"கொஞ்சம் கன்றும்" என்றும் சொன்னாராம். இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை டாக்டர்மாரிடமிருந்து யாராவது பறித்தால் நல்லது.

நிரோஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கோபம் வந்தது அவளுக்கு.

"நா ஏதோ கோவத்துல சொன்னதுக்கு இப்படியாப்பா போய்க் குத்திக்கிட்டு வருவீங்க?"

"கோவத்துல சொன்னாலும் உண்மையத்தானேம்மா சொன்ன. என் மூஞ்சி உனக்கு வந்துருமோன்னு எனக்கும்தான் பயம். நீ பொறந்த நாள்ல இருந்தே பயம்."

இதை இவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. தோடம்பழம், பலாப்பழம் என்று சிரித்துக்கொண்டே இருந்த மனுசன். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. நானாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, வாங்க வீட்டுக்கு" என்றேன்.

"எப்படி வர்றது? இந்த மூஞ்சியோட ரோட்டுல எப்படி நடக்கிறது? கொஞ்சம் வீக்கம் வத்தட்டும்…"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது இவருக்கே உறைத்தது. மகள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாளாக இதே வசனத்தைக் கதவுக்கு உள்ளேயிருந்து சொன்னவள்.

"நடக்கலாம்ப்பா" என்றாள். "நா கூட வர்றேன்."

மகள் இவருடைய கையைப் பிடித்துக்கொள்ள, மெயின் வீதியில் நடந்தோம். அப்படி ஓர் ஊர்வலம் உங்களுக்கு வாய்த்திருக்காது. கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தோளைத் தொட்டார்கள். ஒருவர் வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "டாக்டர்கிட்ட போனேங்க, லேசருக்கு…" என்று இவர் குழறக் குழற, அவர்கள் கண் கலங்கினார்கள். "அப்படியே சொல்லுங்க சேர்" என்றார் ஒருவர். சந்திரா அக்கா ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணீரோடு எதிரே வந்தார். எங்கள் பங்கு ஃபாதர் கடிதம் ஒன்று எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். யாருக்கு, என்ன என்று கேட்கக்கூட இல்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அழகுக்காக ஒருவர் கன்னத்தைக் கொடுக்கலாம் என்று எங்கள் ஊரில் ஒருவரால்கூட நினைக்க முடியவில்லையே. ஆனால் அடி என்று நினைத்த பிறகும் ஒருவர்கூட ஒதுங்கவில்லை. தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லோரும் கிட்ட வந்தார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

போட்டோ ஸ்டூடியோ வாசலில் நிரோஷா நின்றாள்.

"அப்பா, கடை தெறந்திருக்கு."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஸ்டூடியோக்காரர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "மொகத்தக் கழுவிட்டு ஆறுதலா எடுப்பமே மகள்… நாளைக்குக்கூட எடுக்கலாம்."

"இல்லங்க அங்கிள், இப்பவே எடுங்க. நாளைக்கு எனக்கு மனசு மாறிரும்."

எடுத்தார். திங்கட்கிழமை படிவமும் போட்டோவும் போய்ச் சேர்ந்தன.

ஆறு வாரம் கழித்து இவருக்கு முதல் லேசர். முகம் சிவந்து, காய்ந்து, தோல் உரிந்தது. வெயில் படக்கூடாது என்பதால் குடையும் தொப்பியுமாகப் பள்ளிக்கூடம் போனார் — இரண்டு வாரத்தில் ஒரு தடவைகூடக் குடையைத் தொலைக்கவில்லை. ஊர் என்ன நினைத்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? "திரும்பவும் கூப்பிட்டுட்டாங்களா டீச்சர்?"

இப்போது குழிகள் நன்றாகவே குறைந்திருக்கின்றன. ஆழமானவை மேடேறிவிட்டன, சின்னவை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஷேவ் பத்து நிமிடத்தில் முடிகிறது, நுரை தங்குவதில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இரவல் முகத்தோடு குடித்தனம் நடத்துவது போல முதல் வாரம் இருந்தது. பழகிக்கொண்டிருக்கிறேன். நிரோஷா மருந்து பூசுகிறாள், கிள்ளுவதில்லை. பரு இன்னும் இருக்கிறது, குறைவாக. அடுத்த மாதம் பரீட்சை.

அட்டை வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை இவருடைய இரண்டாவது லேசருக்கு மூன்று பேருமாகக் கண்டிக்குப் போனோம். வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆமிக்காரப் பையன் ஒருவன் ஏறி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். இருபது வயதுகூட இருக்காது. என்னுடையதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். நிரோஷாவின் அட்டையை வாங்கியவன் திருப்பிக் கொடுக்கவில்லை. படத்தைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான், மறுபடியும் படத்தைப் பார்க்கிறான். அந்தப் படத்தில் அவளுடைய கண்கள் இரண்டும் வீங்கிச் சிவந்திருக்கும். பரு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

"தங்கச்சி, ஏன் அழுதீங்க?" என்று சிங்களத்தில் கேட்டான்.

அவளும் சிங்களத்தில் சொன்னாள். "அப்பா கண்டிக்குப் போயிட்டு வர லேட்டாயிட்டுது."

பையன் அட்டையை அவளுடைய கையில் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"பிறகு வந்தாரா?"

நிரோஷா பக்கத்து ஸீட்டைக் காட்டினாள்.